இரண்டு வாடிக்கையாளருக்கு ஒரு அக்கா

அத்தியாயம் 14

போன வாரம் அக்காவை ஓட்டல் மாடிப்படியில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயே நிற்பது போலத்தான் இருக்கிறாள். வீட்டுக்குப் போனாள், தூங்கினாள், எழுந்தாள், குளித்தாள். ஆனாலும் அந்தப் படியிலிருந்து ஒரு அடி இறங்கியதாக அவளுக்கே தோன்றவில்லை.

மேல்மாடியில் வைத்து ஓட்டல்காரர் சொன்னது இவ்வளவுதான். "வித்தாச்சுன்னே வெச்சுக்கங்க. இன்னும் கையெழுத்துதான் பாக்கி. வாங்கறவங்க பெரிய கம்பெனி, துணி துவைக்கறதுல இருந்து எல்லாம் அவங்களே பண்ணிக்குவாங்க. கைமாறுற வரைக்கும் இது நமக்குள்ள இருக்கட்டும்."

"இருக்கும்" என்றாள் அக்கா. எப்போதும் சொல்கிற சொல்தான். சொல்லிவிட்டு இறங்கும்போது தம்பியின் போன். "அக்கா! ஓட்டல்காரர் மொத்தத் துணியும் எனக்கே குடுக்கறாராம். ஒரே ஒரு கண்டிஷன், வேற யார் துணியும் எடுக்கக் கூடாதாம். பழைய கஸ்டமருக்கெல்லாம் கும்பிடு போட்டுற வேண்டியதுதான்!"

அதிலிருந்து அக்காவுக்கு உடம்பில் எதுவும் உறைக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல இருக்குமே, அப்படி. உதடு மட்டுமில்லை, மொத்த ஆளும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா ஒரு தொழில் ஆலோசகர். கடை, பட்டறை, ஓட்டல் என்று போய் உட்கார்ந்து, எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று பார்த்து, முதலாளிக்குப் பிடிக்காததை முதலில் சொல்லி, பிடித்ததைக் கடைசியில் சொல்லுவாள். சில பேருக்குக் கடைசிவரை பிடித்தது எதுவும் வராது. "உங்களுக்கு ஆமாம் போட வீட்டுல ஆள் இருக்கும். அதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவாள்.

தம்பியும் அவளுக்கு வாடிக்கையாளர்தான். சொந்தத் தம்பியிடம் எதற்குக் கட்டணம் என்று அவள் கேட்டபோது அவன்தான் பிடிவாதம் பிடித்தான். "சும்மா கிடைக்கற புத்தி காதுல ஏறாதுக்கா. பில் போடு, ஏறும்."

ஓட்டல் துணி முதன்முதலாகத் தம்பியின் சலவைக்கூடத்துக்கு வந்த சமயம், அக்கா இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தாள். "நான் உங்க ரெண்டு பேருக்கும் ஆலோசகர். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல எந்தப் பேச்சு வந்தாலும் நான் யார் பக்கமும் வாயைத் திறக்க மாட்டேன். சம்மதமா?"

ஓட்டல்காரர் யோசித்துவிட்டுச் சம்மதம் என்றார். தம்பி யோசிக்காமல் தலையாட்டினான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்?

•

சலவைக்கூடத்தில் காலையிலேயே கொதித்துக் கிடந்தது.

ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள் குடுகுடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் இஸ்திரி உருளை. ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து ஊட்டினால் அந்தப் பக்கம் தாள் மாதிரி வெளியே வரும். முனை கொஞ்சம் கோணினாலும் விரிப்பு முழுக்கச் சுருக்கம். காற்றில் பஞ்சுத் தூசி. அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் புருவம் மட்டும் சீக்கிரம் நரைத்த மாதிரி இருக்கும்.

தம்பியை ஊரில் பாதிப் பேர் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயர் பாதி, பேச்சால் வந்தது பாதி. அவனே சொல்லிக்கொள்வான், "நான் நுரை, எம் பொண்டாட்டி கஞ்சி. நான் பொங்குவேன், அவ விறைப்பா நிப்பா." உருளையை ஓட்டுவது, ஆட்களை மேய்ப்பது, கறை பார்த்துத் துணி பிரிப்பது எல்லாம் அவள்தான்.

அக்கா உள்ளே போனபோது, சுவரோரம் மூட்டைகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்கள். பல் கிளினிக் கோட்டுகள். முடிதிருத்தும் கடைத் துண்டுகள். உடற்பயிற்சிக் கூடத்துத் துண்டுகள். முதியோர் இல்லத்துப் போர்வைகள். எல்லாம் பழைய வாடிக்கை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு குத்தியிருந்தது.

அக்கா குனிந்து படித்தாள். 'அடுத்த மாதம் முதல் தங்கள் துணிகளை எடுக்க இயலாது. இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி.'

"நல்லா எழுதியிருக்கேனா?" என்றான் தம்பி. "அவ 'இயலாது' வேணாம், 'முடியல'ன்னு போடுங்கறா. நான் சொன்னேன், பெரிய ஆளா ஆகும்போது பெரிய வார்த்தை போடணும்."

"இதெல்லாம் ஏத்திட்டு வண்டி எப்போ கிளம்புது?"

"மத்தியானம். வாக்கா, உட்காரு. டீ சொல்லட்டா?"

மேசையில் ஒப்பந்தம் இருந்தது. தம்பி மனைவி உருளையை விட்டுவிட்டு வந்து நின்றாள். முன்கையில் நீராவி பட்டுச் சிவந்த கோடு.

"அண்ணி, நீங்களே கேளுங்க இவர்கிட்ட. எல்லாக் கொடியையும் ஒரே கொம்புல ஏத்தறாரு. கொம்பு சாய்ஞ்சா?"

"கொம்பு இல்லடி, அது தேக்கு மரம்! அந்த ஓட்டலுக்கு நான் சின்னப் பையனா இருக்கும்போதே பேரு."

"மரம் பெருசுன்னா சாயும்போது சத்தமும் பெருசு."

"அக்கா, பாத்தியா? நல்ல காரியம் நடக்கும்போது சாயும் சாயும்னு." பிறகு அவனே கையை உயர்த்தினான். "சரி சரி, உன் சட்டம் எனக்கு ஞாபகம் இருக்கு. ஓட்டல் விஷயத்துல நீ பேச மாட்ட. பேச வேணாம். சும்மா உட்காரு, நான் படிக்கறேன்."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். சின்ன வயதிலிருந்து அக்காவுக்கு எது பிடிக்கவில்லையோ, அந்தப் பேச்சு நடக்கும்போது பேசாமல் எழுந்து போய்விடுவாள். தம்பி படிப்பை நிறுத்தியபோது எழுந்து போனாள். முதல் கடையை மீன் மார்க்கெட் பக்கத்தில் பிடித்தபோது எழுந்து போனாள். இரண்டிலும் அவள் எழுந்ததுதான் சரியாக இருந்தது. தம்பி மனைவியைப் பெண் பார்த்துவிட்டு வந்து பேசியபோது மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அக்கா உட்கார்ந்திருந்தால் சரி. அக்கா எழுந்தால் வேண்டாம். அவ்வளவுதான் தம்பியின் சாஸ்திரம்.

அவன் படித்தான். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அவள் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் முன்னால் முகத்தைத் துடைத்து வைத்துக்கொள்வது அவளுக்குத் தொழில். இன்று துடைக்கவே வேண்டியிருக்கவில்லை.

எழுந்தால் போதும். ஒரு வார்த்தை வேண்டாம். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் போதும், மூட்டைகள் பிரிந்துவிடும், சீட்டுகள் குப்பைக்குப் போய்விடும். ஆனால் அப்படி எழுவதும் ஓட்டல்காரர் சொன்னதை உடைத்துச் சொல்வதும் ஒன்றுதான். வேறு வழியாக உடைத்தால் உடைத்தது இல்லை என்று ஆகிவிடுமா? கிணற்றை விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்று சொன்ன கதைதான் அது. அப்படிப் பேசுகிற ஆட்களை அவள் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்களோடு சேர அவளுக்கு விருப்பமில்லை.

உட்கார்ந்தே இருந்தாள்.

தம்பி படித்து முடித்தான். அவளைப் பார்த்தான். காகிதத்தை மேசையில் தட்டி அடுக்கினான். முகமெல்லாம் பல்.

"உட்கார்ந்துட்டா!" என்று மனைவியைப் பார்த்துச் சொன்னான். "பாத்தல்ல? உட்கார்ந்துட்டா. போ, டிரைவர்கிட்ட வண்டியை எடுத்து வைக்கச் சொல்லு."

டீ வந்தது. அக்கா குடித்தாள். சூடு தெரியவில்லை.

•

ஓட்டல்காரரின் அறை கீழ்த்தளத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால். ஜன்னல் வழியாகப் பார்த்தால் துணி வண்டி நிற்கிற பின்வாசல் தெரியும். மெத்தென்று பேசுகிற மனிதர். யாரையும் அதட்டியதை அக்கா பார்த்ததில்லை. நட்டத்தில் ஓடிய காலத்தில், அவள் சொன்னதைக் கேட்டு மேல்மாடி விருந்து மண்டபத்தை மூடியவர். அது அவருக்கு ஆசையான மண்டபம். அதற்காகவே அவர்மேல் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு.

"வாங்கம்மா. முகம் வாடியிருக்கே. சாப்பிட்டீங்களா?"

"சலவைக்கூடத்தோட புதுசா ஒப்பந்தம் போடறீங்களாமே."

"ஆமா."

"என்கிட்ட அதைச் சொல்லலையே."

"நீங்கதானம்மா சொன்னீங்க, எங்க ரெண்டு பேருக்கு நடுவுல நீங்க வர மாட்டேன்னு." குற்றம் சொல்கிற குரல் இல்லை. கணக்குச் சரியாக வந்த மாதிரி ஒரு குரல். "நான் உங்க சட்டப்படிதான் நடந்தேன்."

"ஓட்டல் கைமாறப் போகுது. அப்புறம் எதுக்கு அவன் மத்த வாடிக்கையை எல்லாம் விடணும்?"

"கைமாறுற வரைக்கும் எனக்கு ஒரு நாள் கூடத் துணி நிக்கக் கூடாது. வாங்கறவங்க ஆள் வந்து அறை அறையாப் பாக்கறாங்க. விக்கப் போறேன்னு வெளியில கசிஞ்சா, பால்காரன்ல இருந்து காய்காரன் வரைக்கும் எல்லாரும் என்னைக் கடைசியில வெச்சிருவாங்க. துணிக்காரர் மட்டுமாவது கட்டுப்பட்டு இருக்கட்டும்னு பாத்தேன்."

"கைமாறினதுக்கு அப்புறம் அவன்?"

அவர் பேனாவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். "கெட்டிக்காரர். பொழைச்சுக்குவார்."

"அவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்ல அனுமதி குடுங்க. அவன் ஒருத்தன்கிட்ட மட்டும்."

"உங்க தம்பி பேரே நுரை. அவர்கிட்ட சொன்னா ஊர் முழுக்கப் பொங்கிரும்."

அது உண்மைதான்.

"நான் அவர்கிட்ட ஒரு பொய் சொல்லலம்மா. ஓட்டலை விக்கப் போறீங்களான்னு அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இல்லைன்னு சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேக்கலை."

"கேக்கச் சொல்லித் தர்றதுக்குத்தான் ஆலோசகர். இந்த விஷயத்துல அவனுக்கு அது இல்லாமப் போனது என்னால." அக்கா நிறுத்தினாள். அவள் குரல் அவளுக்கே பக்கத்து அறையில் கேட்பது போல இருந்தது. "உங்க ரகசியத்தைக் காப்பாத்தறேன்னு சொன்னேன். அதை வெச்சு இன்னொருத்தரை ஏமாத்தறதுக்குக் கூட நிப்பேன்னு சொல்லலை."

"ஏமாத்தறதுன்னு பெரிய வார்த்தை."

"சின்ன வார்த்தை இருந்தா சொல்லுங்க, அதையே வெச்சுக்கறேன்."

அவர் சிரித்தார். உண்மையாகவே ரசித்துச் சிரித்தார். "இதுக்குத்தாம்மா உங்களைப் பிடிக்கும்."

"இன்னியில இருந்து நான் உங்க ஆலோசகர் இல்லை."

சிரிப்பு மெதுவாக அடங்கியது. கோபம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"உங்க இஷ்டம். வருத்தம்தான்." எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். "ஆனா போனாலும் நீங்க வாயைத் திறக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். அதனாலதானே உங்ககிட்ட சொன்னேன்."

வெளியே வரவேற்பு மேசையில் யாரோ ஒரு விருந்தாளி, தலையணை உறையில் முடி இருந்ததென்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அது தம்பியின் துணி. அக்கா கேட்டுக்கொண்டே கடந்து போனாள்.

•

அக்காவுக்கு இனி ஒரே ஒரு வேலைதான் பாக்கி. தம்பியிடமும் விலகிக்கொள்வது. 'உனக்கு நான் சரிப்பட மாட்டேன், வேறு ஆலோசகரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு' என்று சொல்வது. எந்த ஆலோசகர் விலகினாலும் எந்த வாடிக்கையாளரிடமும் சொல்கிற வாக்கியம் அது. அதில் ஓட்டல் இல்லை. வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எங்கும் ஓட்டை இல்லை. அப்படித்தான் நினைத்தாள்.

சலவைக்கூட வாசலில் தம்பி அவளை ஓடி வந்து பிடித்துக்கொண்டான். இரண்டு தோளையும். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, ஓட்டல் மேனேஜர் போன் பண்ணாரு. நீ அங்க விட்டுட்டியாமே!"

"யாரு சொன்னா?"

"அவருக்கே இப்பதான் தெரியுமாம். எனக்காகவா? எனக்காக அத்தனை பெரிய கஸ்டமரை விட்டுட்டியா?"

அக்காவுக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்தபோதும் உறைக்கவில்லை.

"நடுவுல நீ இருந்தா நாளைக்கு யாராவது ஒரு பேச்சு பேசுவான். அக்கா சொல்லித்தான் தம்பிக்கு ஆர்டர் கிடைச்சுதுன்னு. அதுக்கு இடம் குடுக்கக் கூடாதுன்னுதானே விட்ட? எனக்குத் தெரியாதா உன்னை?" அவன் உள்ளே திரும்பிக் கத்தினான். "ஏய், இங்க வா! அக்கா நமக்காக ஓட்டலையே விட்டுட்டு வந்திருக்கா!"

தம்பி மனைவி உருளையை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அக்காவைக் கால் முதல் தலைவரை ஒரு முறை பார்த்தாள், கறை எங்கே என்று விரிப்பைப் பார்ப்பது போல.

சுவரோரம் மூட்டைகள் இல்லை. இடம் மட்டும் கிடந்தது.

"வண்டி போயிடுச்சா?"

"அப்பவே!"

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. நான் இனிமே உனக்கும் ஆலோசகர் இல்ல. வேற ஒருத்தரைப் பாரு. பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு."

தம்பி சிரித்தான். "பாத்தியா, எவ்வளவு நேர்மை! ரெண்டு பக்கமும் கையைக் கழுவிட்டா, ஒருத்தன் ஒரு வார்த்தை பேச முடியாது. அக்கா, நீ ஆலோசகரா இல்லாட்டி என்ன, அக்காவா இரு. அதுக்கு பில் வராதுல்ல?"

"விளையாடல நான். வேற ஆள் பாரு."

"ஓட்டல்காரர் இப்ப வந்துருவாரு. ஆலோசகரை எங்க போய்த் தேடறது, காய்கறிக் கடையிலயா?"

அவன் சந்தோஷத்தில் அவள் சொன்னது விழுந்து, நுரையில் விழுந்த கல்லாய்ச் சத்தமே இல்லாமல் அடியில் போனது.

•

ஓட்டல்காரர் தானே வந்தார். மேனேஜரை அனுப்பவில்லை. வெள்ளைச் சட்டை, தம்பியின் கூடத்திலேயே துவைத்தது. பஞ்சுத் தூசி படாமல் மேசையோரம் உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்ததும் தலையை லேசாக அசைத்தார்.

தம்பி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே வந்தான். பேச்சும் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்தான்.

"இங்க ஒரு சாட்சி வேணும். முதல்ல சாட்சியைப் போட்டுட்டு அப்புறம் நம்ம ரெண்டு பேரும் போடுவோம், சார். அதான் ராசி." இதற்கு எந்த ராசியும் கிடையாது, அப்போதுதான் கண்டுபிடித்தான். "அக்கா, நீதான் போடணும். இனிமே நீ ரெண்டு பக்கமும் இல்லையே! உன்னை விடப் பொருத்தமான சாட்சி யாரு?"

பேனாவை நீட்டினான்.

அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஒன்றும் பெரிய அர்த்தம் இல்லை என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சாட்சி பொறுப்பில்லை. இந்த இரண்டு பேர் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்'கூட இன்று அவளால் முடியவில்லை.

"நான் போட மாட்டேன்."

"ஏன்? சும்மா பேரு போடறதுக்கா. இதுல என்ன இருக்கு?"

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவங்களுக்கு அலுப்பா இருக்கும்" என்றார் ஓட்டல்காரர் மெத்தென்று. "காலையில இருந்து அலைஞ்சிருக்காங்க. வேலை செய்யறவங்க யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்."

அப்போது உருளை நின்றது. அது நின்ற பிறகுதான் அதுவரை எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அக்காவிடம் போகவில்லை. கணவனிடம் போகவில்லை. நேராக ஓட்டல்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. எங்க அண்ணி காலையில உட்கார்ந்திருந்தாங்க. மத்தியானம் உங்களை விட்டாங்க. அப்புறம் எங்களை விட்டாங்க. இப்போ பேரு எழுத மாட்டேங்கறாங்க. அவங்ககிட்ட கேட்டா சொல்ல மாட்டாங்க, அவங்க ஜாதகம் எனக்குத் தெரியும். அதனால உங்ககிட்ட கேக்கறேன். எங்களுக்குத் தெரியாம என்ன இருக்கு?"

"சும்மா இருடி" என்றான் தம்பி. "பெரியவர்கிட்ட போயி..."

ஓட்டல்காரர் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அக்கா பார்க்காத முகம் ஒன்று அங்கே இருந்தது.

"சொல்லிட்டீங்களா?" என்றார்.

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது.

தம்பியின் கையில் பேனா அப்படியே நீட்டியபடி நின்றது.

"என்னத்த சொன்னாங்க?" என்றாள் தம்பி மனைவி.

ஓட்டல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர்தான். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னவரிடம் இப்போது கேட்டுவிட்டார்கள். சொன்னார். விற்பது, வாங்குகிறவர்கள், துணி, எல்லாம். கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. சொல்லி முடித்து, "இதெல்லாம் உங்க அக்கா வாயில இருந்து வரலை. மறைச்சது என் தப்பு" என்றும் சேர்த்துச் சொன்னார். பிறகு ஒப்பந்தத்தை எடுக்காமலே எழுந்து போனார். கார்க் கதவு சாத்துகிற சத்தம்கூட மெத்தென்றுதான் கேட்டது.

தம்பி மனைவி உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "வண்டி எங்க இருக்கு? எதையும் இறக்காதே... எதை இறக்கிட்ட? சீட்டோடயா?"

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். பொங்கவில்லை. அவனை அப்படி அடங்கிப் பார்த்து அக்காவுக்குப் பழக்கமில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்தே."

"நான் போன் பண்ணும்போதே?"

"ஆமா."

அவன் ஒப்பந்தத்தின் ஓரத்தை நகத்தால் மடித்தான், நிமிர்த்தினான், மறுபடி மடித்தான்.

"அவரு இப்ப உளறாம இருந்திருந்தா?"

அக்காவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. உண்மையான பதில். பிடிக்காததை முதலில் சொல்வதுதான் அவள் தொழில்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

தம்பி தலையாட்டினான். இந்த முறை யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

"உன்னை யாரு வேணா நம்பலாம்க்கா" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அது கோபமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சமாவது வலித்திருக்கும். "நானும் இத்தனை நாளா அதைத்தான் எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டிருந்தேன். யாரு வேணா நம்பலாம்னு."

வாசலிலிருந்து தம்பி மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"பல் கிளினிக் டாக்டரம்மா லைன்ல இருக்காங்க. சீட்டைப் படிச்சுட்டாங்க. வேற ஆள் இப்பவே வந்து நிக்கறானாம், அவன்கிட்ட குடுத்துடவா, இல்ல உங்க முடிவு மாறுதான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

பழக்கத்தில் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள்.

"அவகிட்ட கேக்காதே" என்று சொல்லி, தம்பி போனை வாங்கிக்கொண்டான்.